கட்டணத்துக்கு உதவி உண்டு, துணைக்கு?

இந்தியாவில் ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவர், ஆட்டிசம் என்ற பெயரிலேயே கல்லூரி உதவித்தொகை கேட்க முடிவது அண்மையில் வந்த உரிமை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதன் அக்கறை காப்பாளர் நியமனம், பராமரிப்பு ஆகியவற்றின் மேல்தான் இருந்தது. கல்லூரி இடம் அதன் எல்லைக்குள் வரவில்லை. அந்த ஆண்டுகளில் சான்றிதழ் தேவைப்பட்ட குடும்பங்கள் பலவும் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற தலைப்பில் அதை வாங்கிக்கொண்டன. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் வேறு தலைப்பு இல்லை.

2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்து ஆட்டிசத்துக்கு இடம் தந்தது. அதன் 32ஆம் பிரிவின்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் நிறுவனங்களும் குறைந்தது 5 சதவீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் உண்டு. பேச்சு வரவே ஏழெட்டு வயதாகி, பள்ளிப் படிப்பை இருபது வயதில் முடிக்கும் பிள்ளைக்கு இந்த ஐந்து ஆண்டு பெரிது.

ஆட்டிசம் நரம்பு வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறை, புலன்கள் உலகை உள்வாங்கும் அளவு, ஒரே ஒழுங்கைப் பற்றிக்கொள்ளும் தேவை ஆகியவற்றில் அது தெரியும். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது. சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இதற்கு ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்ற பெயர் புழங்குகிறது. நல்ல எண்ணத்தில் ஆக்கிய சொல்தான், பொருந்தவில்லை. மின்விசிறியின் உறுமல், ட்யூப்லைட்டின் துடிப்பு, பக்கத்து பெஞ்சில் பேனா மூடியைத் தட்டும் சத்தம் எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும் ஒருவருக்குப் புற உலகம் அளவுக்கு மீறியே இருக்கிறது. கல்லூரி வகுப்பறையில் அவருடைய முதல் சிக்கலே அதுதான்.

உதவித்தொகையின் வாசல் மாற்றுத்திறன் சான்றிதழ். சட்டம் தரும் ஒதுக்கீடும் மத்திய அரசின் உதவித்தொகைகளும் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கு உரியவை. பார்வையையும் கேட்கும் திறனையும் அளக்கக் கருவிகள் உண்டு. ஆட்டிசத்தை அளப்பது எப்படி? செகந்தராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் ஒன்று இதற்கென உருவாக்கியதுதான் ‘ஐசா’ எனப்படும் ஆட்டிச மதிப்பீட்டு இந்திய அளவுகோல். மொத்தம் 40 கேள்விகள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, தனிமையை விரும்புகிறாரா, கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறாரா, ஒரு பொருளை விடாமல் பற்றிக்கொள்கிறாரா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எப்போதாவது என்றால் 1, எப்போதுமே என்றால் 5. கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் லேசான ஆட்டிசம், 107 முதல் நடுத்தரம், 153ஐத் தாண்டினால் கடுமையானது. எழுபதுக்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை.

இந்த அளவுகோல் கேட்பவை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் கண்ணுக்குத் தெரியும் நடத்தைகள். பன்னிரண்டு ஆண்டுகள் பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் அலைந்து, கண்ணைப் பார்க்கவும் வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினெட்டு வயதில் மறுமதிப்பீட்டுக்குப் போனால் மதிப்பெண் இறங்கிவிடும். மருத்துவர் முன்னால் அரை மணி நேரம் அமைதியாக உட்கார முடிந்தவர், தினம் ஆறு மணி நேரம் அறுபது பேர் நடுவில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் முடங்கிவிடுவது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. உழைத்து முன்னேறியதற்கே தகுதி குறைகிறது என்ற பெற்றோரின் வருத்தம் நியாயமானது. அதனால்தான் மதிப்பீட்டுக்குப் போகும்போது பள்ளியின் குறிப்புகள், சிகிச்சையாளரின் அறிக்கைகள், வீட்டில் நடப்பதை நாள்வாரியாக எழுதிய நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்வது முக்கியம். சிறு வயதில் வாங்கிய சான்றிதழ் பெரும்பாலும் காலவரையறை உள்ளது. பிளஸ் டூ முடிக்கும் ஆண்டில் அது காலாவதியாகிக் கிடப்பதை, கலந்தாய்வு அழைப்பு வந்த பிறகு கவனிப்பவர்கள் ஏராளம். சான்றிதழோடு இணைந்ததுதான் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. அதன் எண் இல்லாமல் மத்திய அரசின் உதவித்தொகை விண்ணப்பம் நகராது.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை தரும் உதவித்தொகைகள் பள்ளியிலேயே தொடங்குகின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஒன்று. பதினொன்றாம் வகுப்பு முதல் முதுநிலைப் பட்டம் வரை இன்னொன்று. கல்லூரி மாணவர் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திரும்பத் தரப்படாத கட்டாயக் கட்டணங்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஈடுசெய்யப்படும். மாதாந்தரப் பராமரிப்புத் தொகை, புத்தகத் தொகை, ஆண்டுக்கொருமுறை குறைபாட்டுக்கான படி ஆகியவை தனி. இத்திட்டத்தின் விதிகள் நாடு முழுவதற்கும், 21 வகைக் குறைபாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 17,000 இடங்களை வைத்திருக்கின்றன. ஒரே பெற்றோரின் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடைக்காது என்ற நிபந்தனையும் உண்டு.

ஐஐடி போன்று அறிவிக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ‘டாப் கிளாஸ்’ என்ற தனித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 300 பேர்தான். ஆனால் கொடுப்பது கணிசம்: கட்டணம் இரண்டு லட்சம் ரூபாய் வரை, விடுதியில் தங்கினால் மாதம் 3,000 ரூபாய், அதற்கு மேல் வாசித்துக் காட்டுபவர், உடன் வருபவர், உதவியாளர் ஆகியோருக்கென மாதம் 2,000 ரூபாய். கல்லூரியில் மாணவர் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்படலாம் என்று இத்திட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக்கு 300 பேருக்கு மட்டும் அந்தத் தேவை இருப்பதுபோல் ஆகிவிட்டதுதான் குறை.

பொறியியல், பாலிடெக்னிக் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ‘சக்ஷம்’ உதவித்தொகை நல்ல வழி. ஆண்டுக்கு 50,000 ரூபாய், பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டு, டிப்ளமாவுக்கு மூன்று ஆண்டு வரை. குடும்ப வருமான வரம்பு எட்டு லட்சம் ரூபாய் என்பதால் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்ட நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது எட்டும். சிகிச்சைக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவரும் குடும்பம் வருமானச் சான்றிதழில் வசதியான குடும்பமாகத் தெரியும் என்பதை நினைத்தால், எட்டு லட்சம் என்ற வரம்பின் அருமை புரியும். ஆய்வுப் படிப்புக்கு ஆண்டுக்கு 200 பேருக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டில் முதுநிலை அல்லது முனைவர் பட்டம் படிக்க 20 பேருக்கு உதவித்தொகையும் உள்ளன; அந்த இருபதில் ஆறு பெண்களுக்கு. தமிழ்நாட்டில் மாநில அரசின் கல்வி உதவித்தொகை தனி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக அதைப் பெறலாம். உதவித்தொகை போதாதவர்களுக்குக் குறைந்த வட்டியில் கல்விக்கடன் தர மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகைகளை வாங்குவதற்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. எனவே விண்ணப்பிக்கும் முன்பே எது கூடுதல் பயன் தரும் என்று கணக்குப் போட வேண்டும்.

மத்திய அரசின் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முதலில் ஒருமுறைப் பதிவு. ஆதார் விவரம், கைப்பேசி எண், பிறகு முகச் சரிபார்ப்பு. கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, வட்டத்துக்குள் முகம் அடங்க, அசையாமல் பார்த்து, கண்ணைச் சிமிட்ட வேண்டும். மற்ற மாணவர்களுக்குப் பத்து விநாடி வேலை. யார் கண்ணையும் நேராகப் பார்க்காத, கேமரா வெளிச்சம் பட்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும் மாணவரோடு அம்மா ஒரு பிற்பகல் முழுக்கப் போராடும் வேலை. இரண்டு நாள் முன்பிருந்தே வெறும் கேமராவை வைத்துப் பழக்கி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாக உட்காரவைத்துச் செய்தால் எளிதாக முடியும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. பணம் நேராக மாணவரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதானதும் சிறார் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வங்கி கையெழுத்து கேட்கும். விரல்களின் நுண்ணசைவு வசப்படாத மாணவரின் கையெழுத்து காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும். படிவத்தில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைநாட்டு வைத்துக் கணக்கை நடத்தவும் வழி உண்டு. பணத்தைத் தானே கையாள முடியாதவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழு சட்டப்படியான காப்பாளரை நியமிக்கும். அந்தச் சான்றிதழை ஏற்று வங்கிகள் கணக்கு நடத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் கல்லூரிக்குப் போகும் எல்லா ஆட்டிச மாணவருக்கும் காப்பாளர் தேவை என்று நினைத்துவிடக் கூடாது. தன் பணத்தைத் தானே எண்ணத் தெரிந்த மாணவருக்குக் காப்பாளரை நியமிப்பது அவருடைய முடிவெடுக்கும் உரிமையை எடுத்துவிடுவதாகும். வங்கியில் ஒரு கையெழுத்துச் சிக்கலைத் தீர்ப்பதற்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு கல்லூரியில் அதற்கான பொறுப்பாளர் தளத்தில் நுழைந்து சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கெடு முடியும் வாரத்தில் அந்த மேசையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று இரண்டு முறை போய்க் கேட்கும் மாணவருடையது நகரும். முன்பின் அறியாதவரிடம் போய்ப் பேசுவதே மலையாக இருக்கும் மாணவருடையது தங்கிவிடும். ஆட்டிசத்துக்கென்று கொடுக்கப்படும் தொகை, ஆட்டிசம் இருப்பதாலேயே கைக்கு எட்டாமல் போகும் இடம் இது. ‘என் விண்ணப்ப எண் இது, சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது, தயவுசெய்து பார்க்கவும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பும் பெற்றோர் உண்டு. நல்ல ஏற்பாடுதான். மாணவர் பேசாமலே வேலை முடிகிறது, மாணவரே முடித்ததாகவும் ஆகிறது.

இனி, தொகை எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி. கட்டணம், விடுதி, புத்தகம் ஆகிய மூன்றும் எல்லா மாணவருக்கும் பொதுவான செலவுகள். ஆட்டிச மாணவருக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பவை வேறு. பள்ளியில் ஒரே அறை, ஒரே பெஞ்ச், மணியடித்தால் ஆசிரியர் வருவார். கல்லூரியில் அறை மாறும், நேரம் மாறும், ஆசிரியர் வராத நாளில் அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும், அல்லது வராமலே போகும். தேர்வு நன்றாக எழுதியும், செமினாருக்கும் குழு வேலைக்கும் உள்ள அக மதிப்பெண்ணில் தோற்பவர்கள் இருக்கிறார்கள். மதிய உணவு நேரத்தில் கேண்டீன் இரைச்சலைத் தாங்க முடியாமல் மூன்று ஆண்டும் சாப்பிடாமலே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் தேவை ஓர் அமைதியான அறையும், தினம் காலையில் ஐந்து நிமிடம் ‘இன்று என்ன மாற்றம்’ என்று சொல்லும் ஓர் ஆளும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை, இரண்டும் எந்த உதவித்தொகையிலும் வருவதில்லை. ஒரே வகுப்பை இரண்டாம் ஆண்டும் படிப்பவருக்கு அந்த ஆண்டுத் தொகை பொதுவாகக் கிடைக்காது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டு மூன்றாண்டுப் படிப்பை நான்காண்டில் முடிப்பதுதான் இம்மாணவர்களில் பலருக்கு ஏற்றது. திட்டங்களோ எல்லாரும் ஒரே வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

தேர்வுச் சலுகைகளில் நிலைமை கொஞ்சம் தெளிவு. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தந்தது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. ஆனால் பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்றுக்கும் எழுத்தர் கேட்டாலே கிடைத்தார். ஆட்டிசம் உள்ளவர், எழுதுவதற்கு உடல்ரீதியான தடை இருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் இன்னொரு சான்றிதழ் வாங்கி வர வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 11இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதத்தை எட்டாதவர்களுக்கும் தேவை இருந்தால் எழுத்தரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2022இல் அதற்கேற்ற வழிகாட்டுதலும் வந்தது. உதவித்தொகைக்கான எல்லைக்கோட்டில் தவறிய ஆட்டிச மாணவருக்கும் தேர்வறையில் ஒரு பிடிமானம் உண்டு என்பதை இத்தீர்ப்பு உறுதி செய்கிறது.

கல்லூரிக்குள் துணை என்பதைத் தனிப் பணியாக நடத்திக் காட்டியதில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகம் முன்னோடி. 2002இல் தொடங்கிய அதன் திட்டத்தில் ஆட்டிச மாணவர் மற்றவர்களைப் போலவே வழக்கமான பட்டப்படிப்பில் சேர்வார், பாடம் எளிதாக்கப்படாது. நாளைத் திட்டமிட, ஆசிரியரிடம் பேச, விடுதி வாழ்க்கைக்குப் பழக உதவியாளர்கள் இருப்பார்கள். அங்கும் இது கட்டணத்துக்குத்தான். அந்நாட்டில் பள்ளி வரை உதவி செய்வது அரசின் கடமை. கல்லூரிக்கு வந்துவிட்டால், தனக்குக் குறைபாடு இருக்கிறது என்று மாணவரே வெளிப்படுத்திக் கேட்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. ஆட்டிசம் ஆராய்ச்சி அமைப்பு என்ற நிறுவனம் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு 3,000 டாலர் வழங்கிவந்திருக்கிறது.

துணை நிற்பவர்களுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மெலிந்தது. பெற்றோருக்கு வருமான வரியில் கழிவு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடி பிரிவு, சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இடம் தந்தது. ஆட்டிசத்துக்கு 10-ஐஏ என்ற தனிப் படிவத்தில் மருத்துவச் சான்று தேவைப்பட்டது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவு இல்லை. தொடரும் சிகிச்சைச் செலவுக்குத் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும். வேலையை விட்டுவிட்டு, மகனோடு பேருந்தில் கல்லூரிக்கு வந்து, வகுப்பு முடியும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தாயின் நாளுக்கு வரிக் கழிவில் கணக்கில்லை. வருமானமே இல்லாதவருக்கு வரி ஏது? தீவிர ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அதை எவ்வளவு, யாருக்கு என்று தீர்மானிப்பது அரசுகளின் பொருளாதாரத் திறனைப் பொறுத்ததாக விடப்பட்டிருக்கிறது.

துணை நிற்பதையே தொழிலாகப் படிக்க வருபவர்கள் இன்னொரு வகை. சிறப்பாசிரியர் படிப்புகளை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழு முறைப்படுத்துகிறது. ஆட்டிசத்தை மையமாகக் கொண்ட பட்டயமும் பி.எட். படிப்பும் அதில் உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இத்துறையில் ஆசிரியர்களையும் சிகிச்சையாளர்களையும் உருவாக்குகிறது. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருப்பதால் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்து வரும் அக்காக்களையும் தம்பிகளையும் இத்தகைய வகுப்புகளில் பார்க்கலாம். அமெரிக்காவில் இப்படிப் படிப்பவர்களுக்கு ‘டீச்’ என்ற மத்திய அரசு மானியம் உண்டு: ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. சிறப்புக் கல்வி போன்று ஆசிரியர் தட்டுப்பாடுள்ள பாடத்தில், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் நான்கு ஆண்டு பணியாற்ற வேண்டும். தவறினால் மானியம் கடனாக மாறிவிடும். நிபந்தனை கடுமையானாலும், துணை நிற்பவரைப் படிக்கவைப்பதும் மாணவருக்குத் தரும் உதவிதான் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

கல்லூரி உதவித்தொகைக்கான வேலை உண்மையில் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சான்றிதழும் யுடிஐடி அட்டையும் அப்போதே கையில் இருந்தால் பள்ளி உதவித்தொகையும் கிடைக்கும், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் மொழிப்பாட விலக்கும் கேட்கலாம். அந்தச் சலுகை ஆணைகளின் நகல்கள் பின்னர் கல்லூரியில் அதே சலுகையைக் கேட்கும்போது ஆதாரமாக நிற்கும். பதினொன்றில் மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு, பிளஸ் டூவில் வருமானச் சான்றிதழ், சேர்க்கைக்குப் பின் ஒருமுறைப் பதிவு. முதலாண்டில் தொகை வந்துவிட்டால் அடுத்த ஆண்டு தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சிச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். பட்டம் பெற்ற பின் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய ஐந்துக்கும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விண்ணப்பத்திலும் யுடிஐடி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும்.